தமிழ் வகுப்புக்கும் பள்ளி நூலகத்துக்கும் விக்கிமூலம்: ஒரு மதிப்பீடு

மாணவர்கள் கூடி வேலை செய்வதற்கான இணையக் கருவி என்றதும் பல ஆசிரியர்களின் நினைவுக்கு முதலில் வருவது கூகுள் டாக்ஸ்தான். ஒரே ஆவணத்தில் பலர் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்யலாம் என்பது அதன் வலிமை. ஆனால் அதில் எழுதப்படும் ஒப்படைப்பை மதிப்பெண் இட்ட பிறகு யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட தமிழ் மாணவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, அச்சு நூல்களைத் தன்னார்வலர்கள் கூடி மின்னெழுத்தாக்கும் இணைய நூலகமான தமிழ் விக்கிமூலம். விக்கிமீடியா அறக்கட்டளையின் இந்தத் தளத்துக்குக் கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் பெருமளவில் இங்கே ஏற்றப்பட்டிருக்கின்றன. அவற்றுள் மெய்ப்புப் பார்க்க ஆளில்லாமல் காத்திருக்கும் பக்கங்கள் மிகப் பல.

பக்கமொன்றைத் தொகுக்கத் திறந்தால், ஒருபுறம் அச்சு நூலின் ஒளிப்படமும் மறுபுறம் எழுத்துணரி மென்பொருள் அதிலிருந்து எடுத்துத் தந்த எழுத்துகளும் தெரியும். இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுத் திருத்துவதே மாணவரின் வேலை. தமிழ் எழுத்துணரி பெரும்பாலும் சரியாகவே படித்தாலும், துணைக்காலை ரகரமாகவும் ரகரத்தைத் துணைக்காலாகவும் மாற்றிவிடும். ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் குழப்பும். மங்கிய அச்சில் மெய்யெழுத்தின் புள்ளியை விட்டுவிடும். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, னை போன்றவையும் ணா, றா, னா போன்றவையும் வேறு வடிவில் இருக்கும் என்பதால் அங்கே பிழைகள் இன்னும் கூடும். பழைய வடிவங்களைப் பாடநூலில் கண்டிராத மாணவர், ஒரு சொல்லைப் பிழையறத் தருவதற்காகவே அவற்றைக் கற்றுக்கொள்கிறார். இவ்வளவு நெருங்கிய வாசிப்பை வேறெந்த வகுப்பறைக் கருவியும் கேட்பதாக எனக்குத் தெரியவில்லை.

இத்தளத்தின் விதி ஒன்றும் எனக்கு மிகவும் பிடித்தது. அச்சில் உள்ளதை உள்ளபடியே தர வேண்டும்; நூலாசிரியரின் நடையையோ சொல்லையோ தன் விருப்பத்துக்கு மாற்றக் கூடாது. பிறர் எழுத்தை மதிக்கும் இந்தப் பயிற்சி, ஒட்டியும் வெட்டியும் கட்டுரை தயாரிக்கப் பழகிவிட்ட பிள்ளைகளுக்கு மிகத் தேவையானது.

கூட்டுழைப்பு இங்கே தளத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. மெய்ப்புப் பார்க்கப்படாத பக்கம் சிவப்பு. ஒருவர் திருத்தி முடித்ததும் மஞ்சள். இன்னொருவர் மீண்டும் ஒப்பிட்டு உறுதிசெய்ததும் பச்சை. மஞ்சளாக்கியவரே அதைப் பச்சையாக்கத் தளம் இடம் கொடுக்காது. ஆகவே இருவர் இருவராக மாணவர்களைப் பிரித்து, ஒருவர் திருத்தியதை மற்றவர் சரிபார்க்கும்படி ஆசிரியர் எளிதில் ஏற்பாடு செய்யலாம். யார், எப்போது, எந்த எழுத்தை மாற்றினார் என்பது பக்க வரலாற்றில் நிற்பதால், ஒருவர் உழைப்பில் குழுவே மதிப்பெண் பெறும் வழக்கமான சிக்கலும் எழுவதில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரே இணைய இணைப்பிலிருந்து (ஐபி முகவரியிலிருந்து) ஒரு நாளில் 6 புதிய கணக்குகளை மட்டுமே வழக்கமாகத் தொடங்க முடியும் என்பதால், கணினி ஆய்வகத்தில் வகுப்பு முழுவதையும் அமர்த்திவிட்டுக் கணக்குத் தொடங்கச் சொன்னால் ஏழாவது மாணவரோடு வேலை நின்றுவிடும். முன்னதாகவே வீட்டிலிருந்து தொடங்கி வரச் சொல்லலாம்; அல்லது வரம்பைத் தளர்த்துமாறு விக்கிமீடியாவிடம் முன்கூட்டியே கோரலாம். கணக்கில்லாமல் திருத்தலாம் என்றாலும் பக்கத்தின் நிறத்தை மாற்ற முடியாது. ஒரே பக்கத்தை இருவர் ஒரே நேரத்தில் திறந்து சேமித்தால் மோதல் அறிவிப்பு வரும் என்பதால் பக்கங்களைப் பெயரிட்டுப் பங்கிட்டுத் தருவது நல்லது. கைப்பேசியின் சிறிய திரை இந்த ஒப்பீட்டு வேலைக்கு ஏற்றதன்று. செய்யுளுக்கும் அட்டவணைக்கும் தனிக் குறியீடுகளைக் கற்க வேண்டியிருப்பதால் முதல் முயற்சிக்கு உரைநடை நூலையே தேர்ந்தெடுக்க வேண்டும். தட்டச்சு தடையாக இராது. தமிழ்99, ஒலிபெயர்ப்பு ஆகிய விசைமுறைகள் தளத்திலேயே உள்ளன.

ஒன்றில் மட்டும் ஆசிரியர் கண்டிப்பாக இருக்க வேண்டும். இங்கே செய்யும் ஒவ்வொரு மாற்றமும் பயனர் பெயரோடு பொதுவில் நிலைத்திருக்கும். எனவே மாணவர் தம் இயற்பெயரையோ பள்ளியின் பெயரையோ பயனர் பெயராக வைக்கக் கூடாது.

நூலகருக்கு இதில் இரண்டு பயன்கள் உண்டு. முடிக்கப்பட்ட நூலை மின்னூலாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ பதிவிறக்கி வாசகருக்குத் தரலாம். இது நான் தயக்கமின்றிப் பாராட்டும் வசதி. நூலகத்தில் நைந்துகொண்டிருக்கும் பழைய நூல்களை ஒளிவருடி விக்கிமீடியாவின் பொதுக் கோப்புக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றவும் செய்யலாம், ஆனால் அதற்குமுன் உரிமையைச் சரிபார்க்க வேண்டும். இந்தியச் சட்டப்படி நூலாசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது. மூலம் சங்கப் பாடலாகவே இருந்தாலும், அதற்கு அண்மைக்காலத்தவர் எழுதிய உரைக்கும் முன்னுரைக்கும் தனி உரிமை உண்டு என்பதால், தலைப்புப் பக்கத்தில் உரையாசிரியர், பதிப்பாசிரியர் பெயர்களையும் பார்த்த பிறகே ஒளிவருடியில் கைவைக்க வேண்டும்.