லாட்ஜ் கொள்ளாம், ஆனா ரூம் நம்பர் 'ஏஜேடி' (5-க்கு 3 ஸ்டார்)

போன சனிக்கிழமை நானும் வீட்டுக்காரியும் மகளும் கன்னியாகுமரில ஒரு லாட்ஜ்ல ஒரு நைட் தங்கினோம். பேரு போடல, ஏன்னு கடைசில சொல்றேன். எனக்கு ரெண்டு கண்ணும் தெரியாது, பாளையங்கோட்டைல ஹாஸ்டல்ல நின்னு படிச்சவன், பிரெய்ல் சின்ன வயசுலயே விரல்ல ஏறிட்டு, இத டைப் பண்றதும் போன்ல திரைய வாசிச்சு சொல்ற டாக்பேக் வச்சி தான், அதனால எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. புக் பண்ணும்போதே "சார் நம்மகிட்ட பிரெய்ல் போர்டெல்லாம் உண்டு"ன்னு பெருமையா சொன்னாங்க, அதுக்காகவே தான் இங்க வந்தேன். சன்ரைஸ் அவங்க ரெண்டு பேருக்கும், போர்டு எனக்கு.

மொதல்ல நல்லத சொல்லிடுறேன். ரூம் க்ளீன், பெட்ஷீட்ல சோப்பு வாசம் மட்டும் தான், பாத்ரூம் தரை வழுக்கல. ரிசப்ஷன் தம்பி என் கைய புடிச்சி இழுக்காம அவன் முழங்கைய நீட்டி "புடிச்சிக்கோங்க அண்ணே"ன்னான், எங்க கத்துக்கிட்டானோ தெரியல, ஆஸ்பத்திரில கூட இத செய்ய மாட்டாங்க. காலைல சூடா புட்டு, பயறு, பப்படம், கூட ரெண்டு மட்டிப்பழம். இதுக்கெல்லாம் முழு மார்க்.

இனி போர்டு கதை. சாயங்காலம் அவங்க ரெண்டு பேரும் பீச்சுக்கு போயாச்சு, நான் கீழ டீ குடிச்சிட்டு தனியா ரூமுக்கு கிளம்பினேன், ஃபர்ஸ்ட் ஃப்ளோர் தானே, போர்டும் இருக்கேன்னு தைரியம். லிஃப்ட்ல பட்டன் பக்கத்துல தடவுனா '2' இருக்கு '3' இருக்கு, '1' மட்டும் இல்ல, அந்த இடத்துல கேப்பிட்டல் 'பி'ன்னு இருக்கு. பார்க்கிங் போலன்னு அத தொடாம ரெண்டுக்கு போயி படி வழியா பைய எறங்கி வந்தேன். அப்புறம் யோசிச்சா தான் புரியுது, ஸ்டிக்கர தலைகீழா ஒட்டியிருக்கானுவ! பிரெய்ல்ல நம்பருக்குன்னு தனி எழுத்து கிடையாது, ஏ-ல இருந்து ஜே வரைக்கும் உள்ளது தான் 1-ல இருந்து 0, முன்னாடி ஒரு நம்பர் குறி போடணும். ஒரு எழுத்துக்கு ஆறு புள்ளி இடம், இடது பக்கம் மேல இருந்து கீழ 1, 2, 3, வலது பக்கம் 4, 5, 6. நம்பர் குறி 3, 4, 5, 6 புள்ளி. அத தலைகீழா திருப்புனா 1, 2, 3, 4 ஆயிரும், அது 'பி'. '1'-க்கு உள்ள ஒத்த புள்ளி ஆறாவது இடத்துக்கு போயிரும், இங்கிலீஷ் பிரெய்ல்ல அது கேப்பிட்டல் குறி, வரிசையும் திரும்புறதால அது 'பி'க்கு முன்னாடி வந்துரும். ஒட்டுனவன் மேல கோவம் வரல, சிரிப்பு தான் வந்துச்சு.

எங்க ரூம் 104. கதவுல தடவுனா 'ஏஜேடி'. யாரோட இனிஷியலோன்னு நெனச்சேன், அப்புறம் தான் நம்பர் குறி போடாம விட்ட 104-ன்னு பிடிபட்டுச்சு. அதுக்குள்ள ஒரு கூத்து, போர்டு செவுத்துல இல்ல, கதவு நடுவுலயே ஒட்டியிருக்கு, நான் மொதல்ல பக்கத்து ரூம் கதவுல நின்னு படிச்சிட்டு இருக்கும்போதே உள்ள உள்ளவரு கதவ திறந்துட்டாரு, நான் விரலோட சேந்து அப்படியே உள்ள! மனுஷன் பாவம் பதறிட்டாரு. அமெரிக்காவுல மாற்றுத்திறனாளிகளுக்கான 2010 கட்டிட ஸ்டாண்டர்ட்ல இதுக்கு தான் போர்ட கதவுல வைக்காத, கைப்பிடி இருக்கிற பக்கத்து செவுத்துல வையி, தரைல இருந்து 4 அடிக்கும் 5 அடிக்கும் நடுவுல இருக்கட்டும்னு எழுதி வச்சிருக்கான். பழகிட்டா கை தானா அங்க போகும், தேடவே வேண்டாம்.

ரெஸ்டாரண்ட் போர்டு இன்னும் மோசம். மக "புள்ளி இருக்குப்பா, அழகா இருக்கு"ங்கிறா, எனக்கு கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கு, புள்ளிய பிரிண்ட் பண்ணி மேல அக்ரிலிக் போட்டு மூடியிருக்காங்க. புள்ளி 0.6-ல இருந்து 0.9 மில்லிமீட்டர் வரைக்கும் எழும்பி நிக்கணும், உச்சி உருண்டையா இருக்கணும். ரிசப்ஷன்ல 'வெல்கம்' போர்டு எழும்பி தான் இருக்கு, ஆனா ஒவ்வொரு புள்ளியும் மிளகு சைஸ். ஒரு எழுத்துக்குள்ள புள்ளிக்கு புள்ளி 2.3-ல இருந்து 2.5 மில்லிமீட்டர் தான் இருக்கணும், அப்ப தான் விரல் நுனில ஒரே தொடுதல்ல முழு எழுத்தும் அடங்கும், பெருசு பண்ணா கண்ணுக்கு அழகு, விரலுக்கு அது புள்ளிக்கோலம்.

கடைசியா எமர்ஜென்சி வாசல், தமிழ்ல இருக்கிற ஒரே போர்டு, சந்தோஷமா தொட்டேன், 'எவளிஏய'ன்னு இருக்கு. வெளியே! பிரெய்ல்ல 'வெ'ன்னா மொதல்ல வ, அப்புறம் எ, உச்சரிக்கிற வரிசை. அச்சுல கொம்பு முன்னாடி நிக்குதுல்ல, பழைய ஃபாண்ட்ல டைப் பண்ணத அப்படியே மாத்தியிருக்காங்க, கொம்பு முன்னாடியே வந்து உக்காந்துட்டு. தீப்பிடிச்சா நான் 'எவளிஏய'ன்னா தேடணும்?

செக்அவுட் பண்ணும்போது ஓனர் அண்ணாச்சிட்ட எல்லாத்தையும் சொன்னேன். மொதல்ல "இது நாங்களா ஆசைப்பட்டு வச்சது சார்"ன்னாரு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஜனங்க வந்து போற தனியார் கட்டிடத்துக்கும் சேத்து தான் அண்ணாச்சி, 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டும் இந்த மாதிரி வசதிக்கான அளவுகோலெல்லாம் வெறும் சிபாரிசா இருக்கக்கூடாது, கட்டாய விதியா போடுன்னு சென்ட்ரல் கவர்மென்ட்டுக்கு சொல்லியாச்சுன்னேன். மனுஷன் சண்டை போடல, உடனே போர்டு செஞ்ச ஆளுக்கு நாகர்கோவிலுக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சாரு. அந்த ஆளு சொன்னது தான் ஹைலைட், "104-க்கு முன்னாடி ஒரு எழுத்து வந்துச்சு சார், தமிழ் பிரெய்ல் சார்ட்ல பாத்தா 'ண'ன்னு இருக்கு, நம்பருக்கு முன்னாடி எதுக்கு 'ண'ன்னு நாங்க தான் எடுத்துட்டோம்". உள்ளது தான்யா, தமிழ் பிரெய்ல்ல 'ண'வும் நம்பர் குறியும் ஒரே 3456 தான், பின்னாடி என்ன வருதுன்னு பாத்து தான் நாங்க புரிஞ்சிக்கிறது. பாவம், சரிபாக்கப்போயி தான் கெடுத்திருக்காரு. எந்திரத்துல போடுறதுக்கு முன்னாடி பிரெய்ல் படிக்கிற ஒரு ஆள கூப்ட்டு ஒரு சாம்பிள தொட்டுப்பாக்க சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷ வேலை.

சபரிமலை சீசனுக்கு முன்னாடி எல்லாத்தையும் மாத்திருவேன், நீங்களே வந்து தொட்டு பாத்து சொல்லுங்க, ரூம் வாடகை வேண்டாம்னாரு அண்ணாச்சி. அதான் பேரு போடல. வாடகை தந்துருவேன், புட்டு மட்டும் ரெண்டாவது தடவை கேட்டா போடணும்னேன். சீசன் டைம்ல போயிட்டு வந்து இதே இடத்துல ஸ்டார மாத்துறேன்.