எலஃபோனிசி: கட்டாயம் போங்கள், நடுப்பகலில் மட்டும் வேண்டாம்

கிரீஸ் நாட்டின் கிரீட் தீவுக்குப் போகத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் கேட்பது, எலஃபோனிசி கடற்கரைக்காக அவ்வளவு தூரம் போகலாமா என்பதைத்தான். தாராளமாகப் போகலாம். ஆனால் காலை பதினொரு மணிக்குப் போய் இறங்கி நான்கு மணிக்குக் கிளம்பிவிடுவதாக இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்டில் அந்த நேரத்தில்தான் கிரீட்டின் மேற்குப் பகுதி நகரமான ஹானியாவிலிருந்து வரும் பேருந்துகள், சுற்றுலா வண்டிகள், வாடகைக் கார்கள், தென்கரை ஊரான பாலியோஹோராவிலிருந்து வரும் படகு என்று எல்லாமே ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. கூட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறவர்களின் விமர்சனங்களைப் படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் காலை ஒன்பது மணிக்கு முன்னாலும் மாலை ஐந்துக்குப் பிறகும் அதே இடம் ஆளே மாறிப்போகிறது.

முதலில் இடம் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கிரீட்டின் தென்மேற்கு மூலையில், கரையை ஒட்டி ஒரு சின்னத் தீவு. இரண்டுக்கும் நடுவில் ஆழமே இல்லாத நீர்ப்பரப்பு. அமைதியான நாளில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்தே தீவுக்குப் போய்விடலாம், சில நாட்களில் இடுப்புவரை வரும், அதனால் போன், பாஸ்போர்ட் எல்லாம் தண்ணீர் புகாத பையில் இருக்கட்டும். குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்குக் கிடைப்பது இந்தப் பக்கக் கரையில். கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், தண்ணீரைக் கடந்து தீவுக்குள் நடங்கள். பத்து நிமிடம் நடந்தாலே சின்னச் சின்ன மணல் வளைவுகள் ஒவ்வொன்றாக வரும், ஆட்களும் குறைந்துவிடுவார்கள். அங்கே நிழல் கிடையாது, கடையும் கிடையாது. தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கையோடு இருக்க வேண்டும்.

இளஞ்சிவப்பு மணலைப் பற்றி எல்லோருக்கும் பெரிய எதிர்பார்ப்பு. இணையத்தில் வரும் பல படங்களில் நிறத்தை ஏற்றிவிடுகிறார்கள். நேரில் மணல் பெரும்பாலும் வெள்ளையும் வெளிர் பழுப்பும்தான். அலை வந்து தொட்டுவிட்டுப் போகும் ஓரத்தில், ஈரம் இருக்கும் இடத்தில், ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரியும். ஃபோராமினிஃபெரா என்ற மிக நுண்ணிய கடல் உயிர்களின் சிவப்பு ஓடுகள் நொறுங்கி மணலோடு கலப்பதால் வரும் நிறம் அது, காற்றும் அலையும் ஒதுக்குவதைப் பொறுத்து ஒரு நாள் நன்றாகத் தெரியும், இன்னொரு நாள் மங்கலாக இருக்கும். எனக்கு அந்த மெல்லிய நிறமே போதுமானதாக இருந்தது. ஆனால் குழந்தைகளிடம் "பிங்க் கடற்கரைக்குப் போகிறோம்" என்று சொல்லி அழைத்துப் போனால் ஏமாந்துவிடுவார்கள். அப்புறம், அந்த மணலை ஒரு கைப்பிடிகூட எடுத்துவரக் கூடாது, சட்டப்படி தடை. இது ஐரோப்பிய ஒன்றியத்தின் நாட்டுரா 2000 பட்டியலில் உள்ள இயற்கைப் பாதுகாப்புப் பகுதி. மணல்மேடுகளில் கயிறு கட்டியிருந்தால் அந்தப் பக்கம் கால் வைக்காதீர்கள். கோடையின் கடைசியில் அந்த மேடுகளில் வெள்ளை வெளேரென்று கடல் டாஃபடில் பூக்கள் பூத்திருக்கும், மாலையில் அதன் வாசனைக்காகவே கொஞ்ச நேரம் கூடுதலாக இருக்கலாம்.

பாதை விஷயத்துக்கு வருகிறேன். ஹானியாவிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்து ஒரு மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஏனென்றால் பாதியிலிருந்து மலைப்பாதை. டோபோலியா பள்ளத்தாக்கில் ஒரே ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய சுரங்கப்பாதை இருக்கிறது, சிக்னல் போட்டு ஒரு பக்கத்து வண்டிகளை மாற்றி மாற்றி விடுவார்கள், காலை நேரத்தில் அங்கேயே வரிசை நிற்கும். அதைத் தாண்டினால் எலோஸ் என்ற செஸ்ட்நட் மரங்கள் சூழ்ந்த ஊர், வழியெல்லாம் தேன் விற்கும் சின்னக் கடைகள். வளைவுகளில் வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள். கார் ஓட்டாதவர்களுக்குக் கோடையில் ஹானியாவிலிருந்து கேடிஇஎல் என்ற பொதுப் பேருந்து உண்டு, காலையில் போய்ப் பிற்பகலில் திரும்பும், அதாவது நான் வேண்டாம் என்று சொல்லும் அதே நேரம். பேருந்துதான் வழி என்றால் இறங்கியதும் நேராகத் தீவுக்குள் நடந்துவிடுங்கள். கிரீட்டின் பெரிய நகரமான ஹெராக்லியனில் தங்கிக்கொண்டு ஒரே நாளில் போய்வருவதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், ஒரு பக்கத்துக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

என் யோசனை, பக்கத்தில் ஓர் இரவு தங்குங்கள். சில கிலோமீட்டர் தொலைவில் கிறிசோஸ்காலிதிசா மடாலயம் பாறை உச்சியில் வெள்ளையாக நிற்கிறது, அதைச் சுற்றிச் சின்னத் தங்குமிடங்களும் டவெர்னா எனப்படும் குடும்ப உணவகங்களும் உண்டு. மடத்துக்கு ஏறும் 98 படிகளில் ஒன்று தங்கப்படி, பாவம் செய்யாதவர் கண்ணுக்குத்தான் தெரியும் என்பது ஊர் நம்பிக்கை. அறை எளிமையாகத்தான் இருக்கும், பெரிய ஓட்டல் வசதியை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் மாலை வெயில் தணிந்த பிறகு ஒருமுறை, மறுநாள் விடிந்ததும் ஒருமுறை என்று இரண்டு தடவை கடற்கரை கிடைக்கிறது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் கவலையில்லை: காய்ந்த பார்லி ரொட்டிமேல் தக்காளியும் பாலாடைக்கட்டியும் போட்ட டாக்கோஸ், தக்காளியிலும் குடைமிளகாயிலும் அரிசி அடைத்த கெமிஸ்தா, வேகவைத்த கீரையில் எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் விட்ட ஹோர்தா எல்லாம் பொதுவாகக் கிடைக்கும். கெமிஸ்தாவில் இறைச்சி கலப்பவர்களும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். கடற்கரையில் இருப்பவை சாண்ட்விச், காபி விற்கும் கடைகள்தான்.

காற்று ரொம்ப முக்கியம். கோடையில் வடக்கிலிருந்து வீசும் மெல்டெமி என்ற காற்று பலமாக இருந்தால் மணல் ஊசி மாதிரி காலில் குத்தும், சின்னக் குழந்தைகளுக்கு அது வேதனை. முந்தின இரவே காற்று முன்னறிவிப்பைப் பாருங்கள், பலமான காற்று என்றிருந்தால் அன்று வேறு ஊருக்குப் போய்விட்டு மறுநாள் வாருங்கள். காற்று இல்லாத நாளில் நீச்சல் தெரியாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இதைவிடப் பாதுகாப்பான தண்ணீரை நான் பார்த்ததில்லை, நடந்துகொண்டே இருந்தாலும் ஆழம் வராது. ஆனால் தீவின் வெளிப்பக்கம் திறந்த கடல், அங்கே கவனம் தேவை. செப்டம்பரில் தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், கூட்டம் குறைய ஆரம்பிக்கும், முடிந்தால் அப்போது போங்கள்.

தீவில் நடக்கும்போது ஒரு நினைவுப் பலகையைப் பார்ப்பீர்கள், கடந்து போய்விடாதீர்கள். 1824இல் ஒட்டோமான் படைகளிடமிருந்து தப்பி இங்கே ஒளிந்திருந்த நூற்றுக்கணக்கான கிரேக்கர்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், கொல்லப்பட்டார்கள். 1907இல் இம்பெராட்ரிக்ஸ் என்ற ஆஸ்திரியக் கப்பல் இங்கே பாறையில் மோதி மூழ்கியது. இவ்வளவு அமைதியான தண்ணீரில் இதெல்லாம் நடந்தது என்பதை அங்கே நின்று நினைத்துப் பார்ப்பது மனதை உலுக்குகிறது. வழிகாட்டிகளும் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஆனால் ஒரு சுற்றுலா வண்டியின் வழிகாட்டி போட்டோ எடுக்கும் இடங்களை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்ததைப் பார்த்தேன்.

ஆகஸ்ட்டில் ஒரே ஒரு பகல்தான் இருக்கிறது, கார் இல்லை, நிழல் இல்லாமல் முடியாத பெரியவர்கள் கூட இருக்கிறார்கள் என்றால் ஹானியாவுக்கு இன்னும் பக்கத்தில் இருக்கும் ஃபலாசர்னா கடற்கரைக்குப் போங்கள். அகலமான மணல், கூட்டம் பரவிவிடும், சாலை சுலபம், மேற்கு பார்த்த கரை என்பதால் சூரிய அஸ்தமனமும் நன்றாகத் தெரியும். தண்ணீர் எலஃபோனிசியைவிட ஆழம், அலையும் சில நாள் பெரிதாக வரும், அதனால் பேரப்பிள்ளைகளை மட்டும் கண் பார்வையில் வைத்துக்கொள்ளுங்கள்.