லிட்டில் இந்தியா உணவு உலா: கொடுத்த காசுக்குக் கிடைத்தது என்ன?

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் குடியேறிய பிறகும் சொந்த ஊரான சிங்கப்பூருக்கு வரும்போதெல்லாம் லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்புவது எங்கள் வழக்கம். இம்முறை, பெர்த்திலேயே வளர்ந்த மகளுக்கு அந்த வட்டாரத்தை முறையாகக் காட்ட வேண்டும் என்பதற்காக, வழிகாட்டியுடன் நடந்துசெல்லும் காலைநேர உணவு உலா ஒன்றுக்குப் பதிவு செய்தோம். நானே அழைத்துச் சென்றிருந்தால் எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும் என்று மட்டும் சொல்லியிருப்பேன். அந்த உணவு அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைக் கோவையாகச் சொல்லத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று நினைத்தேன். அது பெரும்பாலும் நிறைவேறியது. நிறைவேறாத இடங்களும் உண்டு. வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு வருவோருக்குப் பயன்படக்கூடும் என்பதால் இரண்டையும் எழுதுகிறேன்.

முதலில் கட்டணம். ஆளுக்கு நூறு வெள்ளிக்குச் (சிங்கப்பூர் டாலர்) சற்று மேல். நாங்கள் அன்று சுவைத்த அனைத்தையும் நாமே வரிசையில் நின்று வாங்கியிருந்தால் ஆளுக்கு முப்பது வெள்ளிகூட ஆகியிருக்காது. ஆகவே, மீதிப் பணம் முழுவதும் வழிகாட்டியின் அறிவுக்கும் பேச்சுக்கும் கடைக்காரர்களோடு அவருக்கு இருக்கும் பழக்கத்துக்கும் கொடுக்கப்படுவது என்று எண்ணிக்கொண்டுதான் இத்தகைய உலாவுக்குப் போக வேண்டும்; வயிறு நிறையச் சாப்பிடுவதற்கென்று போனால் ஏமாற்றமே மிஞ்சும். இதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. உலா நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் காட்டிய தொகை ஒன்று, அட்டை விவரங்களை நிரப்பிய பிறகு வந்த தொகை வேறொன்று. கேட்டபோது, 9 விழுக்காடு பொருள், சேவை வரி சேர்ந்தது என்றார்கள். சிங்கப்பூரில் அவ்வரிக்குப் பதிவு செய்த நிறுவனங்கள், சேவைக் கட்டணம் வசூலிக்கும் ஹோட்டல்களும் உணவகங்களும் தவிர, வாடிக்கையாளருக்குக் காட்டும் விலையிலேயே வரியைச் சேர்த்துக் காட்ட வேண்டும் என்பது விதி. தொகை சிறியதுதான் என்றாலும், ஊர் விவரம் தெரியாத சுற்றுப்பயணி இதைக் கேட்கவும் மாட்டார்.

வழிகாட்டி ஐம்பது வயதைக் கடந்த தமிழ்ப் பெண்மணி. சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகம் வழங்கும் உரிம அட்டையைக் கழுத்தில் தெரியும்படி அணிந்திருந்தார். கட்டணம் வாங்கிக்கொண்டு வழிகாட்டுவோர் அந்த உரிமம் வைத்திருப்பது இங்கே கட்டாயம் என்பதால், பதிவு செய்வோர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். லிட்டில் இந்தியா பெருவிரைவு ரயில் நிலையத்தின் 'சி' வாயிலில் அவர் எங்களுக்காகக் காத்திருந்தார். எங்களைத் தவிரப் பிரிட்டனிலிருந்து வந்த ஓர் இணையரும் சிட்னியிலிருந்து வந்த இரு தோழியரும் இருந்ததால் விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. கூட்டம் சிறியதாக இருந்தது நல்லதாயிற்று. பத்துப் பதினைந்து பேரோடு, மீன், இறைச்சி, காய்கறி விற்கும் தேக்கா ஈரச்சந்தைக்குள் நுழைந்தால் மீன்காரர்களின் பொறுமையைத்தான் சோதிக்க வேண்டியிருக்கும்.

சந்தைக்குள் போவதற்கு முன்பே, இந்த வட்டாரம் இந்தியர் வட்டாரமானதற்கான காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். 1840களில் இங்கே குதிரைப் பந்தயத் திடல் வந்தது. தண்ணீரும் புல்லும் தாராளமாகக் கிடைத்ததால் மாட்டுத் தொழில் வளர்ந்தது. மாடு வளர்ப்போரும் பால் விற்போரும் அருகிலேயே குடியேற, அவர்களுக்குச் சமைத்துப் போடுவோரும் பின்னாலேயே வந்தார்கள். ரேஸ் கோர்ஸ் சாலை, பஃபலோ சாலை, மாட்டு வணிகர் ஒருவரின் பெயரைத் தாங்கிய பெலிலியோஸ் சாலை என்று அந்தத் தொழில்கள் தெருப் பெயர்களாக மட்டும் மிஞ்சியிருக்கின்றன. இத்தெருக்களில் ஓடித் திரிந்து வளர்ந்த எனக்கு இவை தனித்தனியே தெரியும். ஒன்றோடொன்று கோத்து யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஈரச்சந்தையும், சிறு உணவுக்கடைகள் நிறைந்த உணவங்காடியும் ஒன்றாக உள்ள தேக்கா நிலையத்தின் இப்போதைய கட்டடம் 1982இல் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய, 1915ஆம் ஆண்டின் சந்தை சாலைக்கு எதிர்ப்புறத்தில் இருந்தது. ஈரச்சந்தையில் நண்டும் ஆட்டிறைச்சியும் வாழைப்பூவும் முருங்கைக்காயும் கிடக்கும் வரிசைகளுக்கு நடுவே நின்று, இத்தீவு உண்ணும் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதிதான் என்று அவர் சொன்னபோது, தொங்கிக்கொண்டிருந்த ஆட்டுத் தொடைகள் தங்கள் நாட்டிலிருந்து வந்தவையாகவும் இருக்கலாம் என்று கேட்ட சிட்னித் தோழியருக்கு மிகுந்த வியப்பு.

உலாவின் சிறந்த பகுதி, உணவங்காடியில் பரோட்டாக் கடை முன்பாக நின்றிருந்த அந்தக் கொஞ்ச நேரம். அதுவரை ஆங்கிலத்தில் பேசிவந்தவர், கல்லுக்கு முன் நின்ற பெரியவரிடம், "பாய், ரெண்டு கொசோங், ரெண்டு முட்டை. கொஞ்சம் மெதுவா வீசுங்க, பிள்ளை பாக்கணும்" என்றார். கொசோங் என்றால் எதுவும் சேர்க்காத வெறும் பரோட்டா. "சரிக்கா, கூட்டம் வர்றதுக்குள்ள பாக்கச் சொல்லுங்க" என்று பதில் வந்தது. எண்ணெயில் ஊறிக்கிடந்த மாவு உருண்டை ஒன்றை எடுத்துத் தட்டையாக அழுத்தி, விரல் நுனிகளால் விளிம்பைப் பிடித்து அவர் இரண்டு மூன்று முறை வீசினார். அடியிலிருக்கும் எஃகு மேசையின் பளபளப்பு மாவின் ஊடாகத் தெரிந்தது. விளிம்பில் ஒரு சிறு கிழிசலும் இல்லை. நான்கு பக்கமும் மடித்துக் கல்லில் போட்டு, இருபுறமும் சிவந்ததும் எடுத்து, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து அடித்தபோது அடுக்குகள் பிரிந்து ஆவி எழுந்தது. அந்த அடி எதற்காக என்று மகள் கேட்டாள். வழிகாட்டி தாமே பதில் சொல்லாமல் கேள்வியைப் பாயிடமே தமிழில் திருப்பிவிட்டார். அவர் இன்னொரு பரோட்டாவை அடிக்காமல் தட்டில் வைத்து, இரண்டையும் பிய்த்துப் பார்க்கச் சொன்னார். அடிக்காதது உள்ளே ஒட்டிக்கொண்டு மாவாக இருந்தது. நானாகப் போயிருந்தால் வேலை மும்முரத்தில் இருக்கும் ஒருவரிடம் இப்படிக் கேட்கத் துணிந்திருக்க மாட்டேன், கேட்டாலும் இந்த மரியாதை கிடைத்திருக்காது.

பரோட்டாவோடு, இழுத்து ஆற்றிய பால் தேநீரான தே தாரிக் வந்தது. என் மனைவிக்கு இஞ்சி தட்டிப் போட்ட தே ஹாலியா. சாப்பிட்டு முடிந்ததும் அனைவரும் தட்டுகளை எடுத்துச் சென்று உரிய அடுக்கில் வைக்க வேண்டும் என்று வழிகாட்டி கண்டிப்பாகச் சொன்னார். ஹலால் உணவுத் தட்டுகளுக்கும் மற்றவற்றுக்கும் தனித்தனி அடுக்குகள் இருப்பதையும் காட்டினார். 2021 செப்டம்பர் முதல் உணவங்காடிகளில் தட்டைத் திருப்பி வைக்காமல் போவது குற்றம்: முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை 300 வெள்ளி அபராதம். நான் ஊரைவிட்டுப் போன காலத்தில் இந்தப் பேச்சே கிடையாது.

உணவங்காடிப் பண்பாடு 2020 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றதைப் பற்றி எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். இவர் அதோடு நிறுத்தவில்லை. தெருவோர வணிகர்களை 1960களின் இறுதியில் பதிவு செய்து, 1971 முதல் 1986 வரை கூரையும் குழாய்த் தண்ணீரும் உள்ள நிலையங்களுக்கு அரசாங்கம் மாற்றிய கதையை, அதில் சிலருக்குப் பழைய வாடிக்கையாளர் கைவிட்டுப் போன வருத்தத்தையும் சேர்த்துச் சொன்னார். புகழ்ச்சியை மட்டும் கேட்டுப் பழகிய காதுக்கு அது நன்றாக இருந்தது.

குறைக்கு வருகிறேன். என் மனைவி சைவம். பதிவுப் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது, நிரப்பியும் இருந்தோம். ஆனால் வழிகாட்டியின் கைக்கு வந்த பட்டியலில் அந்தக் குறிப்பு இல்லை. அவர் பதறாமல் சமாளித்தார் என்பது உண்மை. பொரித்த துண்டுகளைக் குழம்போடு தரும் இந்திய ரோஜாக் கடையில் உருளைக்கிழங்கு, தோஃபு, தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) என்று பொறுக்கி எடுத்துத் தரச் சொன்னவர், "அண்ணி, இறால் வடையும் இதே எண்ணெயிலதான் பொரிக்கிறாங்க. பரவாயில்லையா?" என்று முன்கூட்டியே கேட்டுவிட்டார். கேட்காமல் கொடுத்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது. அந்த நேர்மைக்காகவே அவரை மதிக்கிறேன். மனைவி வேண்டாம் என்றுவிட்டார். மற்றவர்களுக்கு, வெட்டிய துண்டுகளோடு வெள்ளரியும் பச்சை மிளகாயும், சர்க்கரைவள்ளிக் கிழங்கும் நிலக்கடலையும் சேர்த்துக் காய்ச்சிய செந்நிறக் குழம்பும் வந்தன. இறுதியில் தம் பிரியாணிக்கு உட்கார்ந்தபோது என் மனைவிக்கென்று எதுவுமே இல்லை. இடையில் சிராங்கூன் சாலையில், 1947 முதல் நடந்துவரும் கோமள விலாஸில் தோசையும் சாம்பாரும் கிடைத்ததால்தான் அவர் பட்டினி கிடக்கவில்லை. சைவம் உண்போர் ஒரு சிறுபான்மையாகக்கூட இல்லாத வேறு வட்டாரமாக இருந்தால் மன்னிக்கலாம். கூப்பிடு தூரத்தில் இத்தனை சைவ உணவகங்கள் இருக்கும் லிட்டில் இந்தியாவில் இது நடக்கவே கூடாது.

திரும்பியதும் நிறுவனத்துக்கு எழுதினேன். மறுநாளே வருத்தம் தெரிவித்து, அடுத்த உலாவுக்குத் தள்ளுபடி தருவதாகப் பதில் வந்தது. அடுத்த உலாவுக்கு நாங்கள் எப்போது வரப்போகிறோம்? ஒருவருக்கான உணவுச் செலவையாவது திருப்பித் தந்திருக்கலாம். அதே மின்னஞ்சலின் அடியில், வழிகாட்டிக்கு அன்பளிப்பு வழங்க விரும்பினால் இத்தனை விழுக்காடு என்று ஒரு பட்டியலும் இருந்தது. அன்பளிப்பு கொடுக்கும் வழக்கம் சிங்கப்பூரில் பெரிதாக இல்லை. நிறுவனம் தானே நல்ல சம்பளம் கொடுத்துவிட்டு இந்தப் பட்டியலை எடுத்துவிடலாம்.

வெளியில் நடந்த பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கெர்பாவ் சாலையில் சீன வணிகர் டான் டெங் நியாவின், 1900இல் கட்டப்பட்ட வீட்டின் முன் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. உள்ளே போவதற்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்வதே நல்லது. பத்தரை மணிக்குமேல் வெயில் ஏறிவிட்டதால் பிரிட்டன் இணையர், கடைகளின் முன்னால் கூரையோடு இருக்கும் ஐந்தடி நடைபாதையின் நிழலைவிட்டு நகர மறுத்தார்கள். மாலை உலாவும் இருக்கிறது என்றாலும், ஈரச்சந்தையைப் பார்க்க வேண்டுமானால் காலைதான் சரி. அதிலும் திங்கட்கிழமை வேண்டாம், பல சந்தைக் கடைகள் அன்று மூடியிருக்கும்.

மீன் தலைக் கறி உலாவில் இல்லை. ஒரு தலையை நான்கைந்து பேர் பகிர்ந்தால்தான் தீரும் என்பதால் சுவை பார்க்கும் அளவில் அதைப் பரிமாற முடியாது என்று வழிகாட்டி விளக்கினார். தாயகத்திலிருந்து வந்த பதார்த்தம் என்று பலர் நினைப்பதைத் திருத்தி, கேரளத்திலிருந்து வந்த கோமஸ் என்பவர் சோஃபியா சாலைக் கடையில், மீன் தலையை விரும்பிச் சாப்பிடும் சீன வாடிக்கையாளர்களை மனத்தில் வைத்து இங்கேயே உருவாக்கியது அது என்றும் சொன்னார். அதைக் கேட்டபின் மகள் விடவில்லை. வார இறுதியில் அண்ணன் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் போனோம். அங்கே உணவுப்பட்டியலில் இருக்கும் விலையோடு 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதற்குமேல் வரியும் சேரும் என்பதை, கூட்டமாகப் போவோர் முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.