சேலத்து வெயில், ஏற்காட்டுக் குளிர்: பாம்புத் தொட்டிக்கு எந்தச் சூடு, எந்த ஈரம்?

ஒரே வகைப் பாம்பு, ஒரே அளவு கண்ணாடித் தொட்டி. அதைச் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடி வீட்டில் வைத்தால் ஒரு பிரச்சினை. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டில் வைத்தால் நேர் எதிர்ப் பிரச்சினை. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டரில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். வளர்ப்பு வழிகாட்டிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே பின்பற்றினால் சேலத்தில் பாம்பு வெந்துபோகும்.

முதலில் சட்டம். மண்ணுளி, மலைப்பாம்பு, சாரை, நல்லபாம்பு என்று நம் மண்ணின் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தோட்டத்தில் கிடைத்த மண்ணுளியை எடுத்து வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: கூடவே கூடாது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைத்தானை (ball python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் மலைப்பாம்பு வகை) வைத்திருப்பவர்கள் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். இங்கே பேசுவது அப்படிப் பதிவு செய்து வளர்க்கப்படும் பால் பைத்தானைப் பற்றித்தான்.

அதற்குத் தேவை இது: தொட்டியின் ஒரு மூலை 31 முதல் 33 டிகிரி, எதிர்மூலை 25 முதல் 27, ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி, சட்டை உரிக்கும் நாட்களில் 70. காட்டில் அது பகலெல்லாம் எலி வளையிலும் கறையான் புற்றிலும் பதுங்கிக் கிடக்கிற உயிர். நாம் உருவாக்க வேண்டியது அந்தப் புற்றுக்குள் இருக்கும் வெதுவெதுப்பையும் ஈரத்தையும்தான்.

சூட்டுக்குக் கடையில் கிடைப்பவை மூன்று: ஹீட் மேட், செராமிக் ஹீட்டர், பல்பு.

ஹீட் மேட் தொட்டிக்கு அடியில் ஒட்டும் மெல்லிய விரிப்பு. மின்சாரம் குறைவாகவே இழுக்கும். பாம்பு படுக்கும் இடத்தைச் சூடாக்கும். காற்றை அவ்வளவாகச் சூடாக்காது. சேலத்துக்கு இதுவே போதும் என்பது என் முடிவு. மார்கழி, தை மாத இரவுகளில்கூட ஜன்னல் சாத்திய அறைக்குள் குளிர் பெரிதாக இறங்குவதில்லை. பாம்புக்கு வயிற்றடியில் ஒரு வெதுவெதுப்பான இடம் இருந்தால் சரி. ஏற்காட்டில் இது மட்டும் போதாது. டிசம்பர் இரவில் அறையே 15, 16 டிகிரிக்கு இறங்கும்போது, பாம்பின் வயிறு சூடாகவும் மூச்சுக்காற்று குளிராகவும் இருக்கும். நுரையீரல் தொற்றுக்கு அதைவிட வசதியான சூழல் வேண்டாம்.

அங்கே செராமிக் ஹீட்டர்தான் சரி. வெளிச்சம் தராது, மேலிருந்து காற்றையும் சேர்த்துச் சூடாக்கும், இரவு முழுக்க ஓடலாம். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் பல்பை அழுத்தித் திருப்பி மாட்டும் பின் (pin) ஹோல்டர். செராமிக் ஹீட்டருக்குத் திருகும் ஹோல்டர் வேண்டும், அதுவும் பீங்கானில். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும். ஹீட்டரைச் சுற்றிக் கம்பிக்கூண்டு கட்டாயம். சூடான பொருளைச் சுற்றிப் படுத்துத் தோல் வெந்த பிறகும் பாம்பு நகராமல் கிடப்பதுண்டு.

பல்பு மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் இரவில் நடமாடும் விலங்குக்கு இரவெல்லாம் வெளிச்சம் போடுவது கொடுமை. கோழிக்குஞ்சுகளுக்குப் போடும் சிவப்பு பல்பும் வெளிச்சம்தான். இரண்டு ஊருக்கும் வேண்டாம்.

எதை வாங்கினாலும், குறித்த சூடு வந்ததும் தானே மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் சொருகாதீர்கள். கட்டுப்பாடு இல்லாத ஹீட் மேட் 40 டிகிரியைத் தாண்டிப் போகும். பாம்புக் கடைத் தெர்மோஸ்டாட் விலை அதிகம் என்று தோன்றினால், பக்கத்து நாமக்கல் வட்டாரத்தில் நாட்டுக்கோழி முட்டை பொரிக்க இன்குபேட்டர் செய்பவர்கள் பயன்படுத்தும் டிஜிட்டல் கட்டுப்பாட்டுக் கருவியே இந்த வேலையைச் செய்யும். வயரிங் மட்டும் தெரிந்தவர் கையால் நடக்கட்டும். மேட் என்றால் தெர்மோஸ்டாட்டின் உணரியை (சென்சார்) கண்ணாடிக்கும் மேட்டுக்கும் நடுவில் ஒட்டுங்கள். தொட்டிக்குள் தொங்கவிட்டால் காற்றின் வெப்பத்தைப் பார்த்து மேட்டை இன்னும் சூடேற்றிக்கொண்டே இருக்கும்.

சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் கேள்வியே தலைகீழ். வெளியே 38, 39 டிகிரி. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை இரவு பத்து மணிக்கும் தகிக்கும். தொட்டிக்குள் 35ஐத் தாண்டி நீடித்தால் பாம்பின் உயிருக்கே ஆபத்து. அந்த மாதங்களில் ஹீட்டரை அணைத்துவிட்டு, தொட்டியைக் கீழ்த்தளத்தில் மேற்கு வெயில் படாத சுவரோரம் மாற்றுங்கள். ஏர்கூலர் இருந்தால் இரட்டை லாபம்: அறையும் குளிரும், ஈரமும் ஏறும். பூச்சு இல்லாத மண்சட்டி ஒன்றை வாசல் வெட்டிக் கவிழ்த்து, வெளிப்பக்கம் நனைத்து வையுங்கள். பானைத் தண்ணீர் குளிர்கிற அதே காரணத்தால் சட்டிக்குள்ளும் சில டிகிரி குறையும்.

ஈரப்பதத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஏற்காட்டில் எப்போதும் மூடுபனி, தண்ணீர் எதற்கு என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 டிகிரியில் 95 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 30 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்கு வந்துவிடும். சேலத்தில் 38 டிகிரியில் 25 சதவீதம் காட்டும் மதியக் காற்றை 30 டிகிரிக்குத் தணித்தாலும் ஏறக்குறைய அதே 40தான். ஜன்னலுக்கு வெளியே இரண்டு உலகம். தொட்டிக்குள் இரண்டு ஊர்க் காற்றும் ஒரே அளவு வறட்சி.

ஆனால் தீர்வு வேறு. சேலத்தில் தென்னை நார்த்தூளை நான்கு விரல் கனத்துக்குப் பரப்பி, மூலைகளில் தண்ணீர் ஊற்றி அடியில் இறங்க விடுங்கள். மேல்பரப்பு காய்ந்தே இருக்கட்டும். மேலே தெளிப்பது மின்விசிறிக் காற்றில் உடனே ஆவியாகிவிடும். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: ஹீட் மேட்டுக்கு நேர் மேலே மட்டும் தூளை மெல்லிசாகப் போடுங்கள், இல்லாவிட்டால் சூடு அடியிலேயே அடைந்து கண்ணாடி விரிசல் விடலாம்.

ஏற்காட்டில் தொட்டி முழுவதையும் நனைத்தால் குளிர்ந்த பக்கத்தில் நீர் முத்துமுத்தாகக் கோர்த்து, அடித்தூள் ஊறி, பாம்பின் வயிற்றுச் செதிலில் கொப்புளம் வரும். அங்கே ஈரப்பெட்டிதான் நல்லது: மூடியுள்ள டப்பாவில் ஒரு வாசல் வெட்டி, உள்ளே நனைத்துப் பிழிந்த பாசியை வைத்துச் சூடான பக்கம் வைப்பது. மேல்வலையில் முக்கால் பங்கை மூடி, மீதியைக் காற்றுக்கு விடுங்கள்.

முள் வைத்த மலிவு ஈரமானியை நம்ப வேண்டாம். டிஜிட்டல் வாங்கினாலும் ஒருமுறை சோதியுங்கள்: சிறு மூடியில் உப்பைக் குழைத்து, மானியோடு காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு வைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும். அதிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவுதான் பிழை.

மின்தடை என்றால் சேலத்தில் பெரிய கவலையில்லை. கோடையில் மட்டும் மண்சட்டியை நனைத்துக்கொண்டே இருங்கள். ஏற்காட்டில் மழைக்காலத்தில் மரம் விழுந்தால் மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 100 வாட் செராமிக் எட்டு மணி நேரம் ஓடினால் இன்வெர்ட்டர் பேட்டரியில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அதனால் மலைவீட்டில் ஒரு சிறிய ஹீட் மேட்டையும் சேர்த்து வைத்து, கரண்ட் போனதும் இன்வெர்ட்டரில் அதை மட்டும் ஓட்டி, தொட்டியைக் கம்பளியால் போர்த்துங்கள். அன்றைக்கு இரை கொடுக்காதீர்கள். குளிர்ந்த உடம்பில் இரை செரிக்காது, கக்கிவிடும்.

வாயோரம் நுரை, மூச்சில் விசில் சத்தம், தலையைத் தூக்கியபடியே இருத்தல், இவற்றில் எது தெரிந்தாலும் சூட்டை மட்டும் கூட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.