குவிக்சில்வர் எம்.எக்ஸ்.: நாற்காலியில் உட்கார்ந்து பறப்பது

கொட்டகையில் இந்தக் குட்டி விமானத்தை முதலில் பார்த்ததும் என் மனைவி கேட்டது: "துணி காயப்போடுற கொடி மாதிரி இருக்கு, இதிலயா போகப் போறீங்க?" தப்பில்லை. அலுமினியக் குழாய்கள், அவற்றை இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பிகள், மேலே டாக்ரான் என்ற பாலியெஸ்டர் துணி, முதுகுக்குப் பின்னால் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். நடுவில் ஒரு நாற்காலி. கதவும் கிடையாது, தரையும் கிடையாது. ஏப்ரலில் ஆரஞ்சுத் தோப்புக்கு மேலே போனால் பூ வாசம் மூக்கில் ஏறும். வாயை மட்டும் மூடிக்கொள்ளுங்கள், பூச்சி.

இதன் விநோதங்களுக்கெல்லாம் பூர்வீகம்தான் காரணம். 1970களில் கலிபோர்னியாவில் பாப் லவ்ஜாய் வடிவமைத்தபோது இது இன்ஜினே இல்லாத ஹேங் கிளைடர். சரிவில் ஓடிக் கிளம்பித் தொங்கிக்கொண்டு போக வேண்டும். தொங்குபவரின் பட்டையிலிருந்து வால் சுக்கானுக்குக் கயிறு; உடம்பைப் பக்கவாட்டில் நகர்த்தினால் சுக்கான் திரும்பும். அப்புறம் இன்ஜின் வந்தது, சக்கரம் வந்தது, எம்.எக்ஸ். மாடலில் கையால் பிடித்து ஓட்டும் ஸ்டிக்கும் வந்தது. பழைய குணம் போகவில்லை. ஸ்டிக்கைப் பக்கவாட்டில் தள்ளினால் இன்றும் அசைவது சுக்கான்தான். இறக்கையின் இரு நுனியும் மேலே தூக்கியிருப்பதால், மூக்கு திரும்பியதும் வண்டி தானாகச் சாய்ந்து கொடுக்கும். செஸ்னா மாதிரி வழக்கமான விமானத்தில் பழகிய எனக்கு, யாரையோ கேட்டுவிட்டுத் திரும்புவது போல இருந்தது. காற்றில்லாத விடியற்காலையில் இதைவிடச் சாது கிடையாது. பக்கக்காற்று அடித்தால் நான் வெளியே எடுப்பதே இல்லை.

ஒற்றை இருக்கைக்குச் சட்டமும் ஒரு காரணம். அமெரிக்காவின் 1982ஆம் ஆண்டு விதிப்படி காலி எடை 115 கிலோவுக்குள், பெட்ரோல் 19 லிட்டருக்குள், ஆள் ஒருவர் என்றால் லைசென்ஸ் வேண்டாம். பயிற்சியும் வேண்டாம் என்று படித்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர இடமில்லை, முதல் தடவையே தனியாகத்தான். இதே குடும்பத்து இரண்டு இருக்கை மாடலில் பத்து மணி நேரம் பறந்துவிட்டுத்தான் இதில் ஏறினேன்.

பழசு வாங்குவதென்றால் இன்ஜினுக்கு முன் துணியைப் பாருங்கள். வெயிலில் டாக்ரான் இற்றுப்போகும், பளபளப்பை நம்பக்கூடாது. நான் முதலில் பார்க்கப்போன ஒன்றில் தையலை நகத்தால் சுரண்டினேன். நூல் தூளாக உதிர்ந்தது. "அது வெறும் நூல்தானே" என்றார் விற்க வந்தவர். சரி என்று சொல்லிவிட்டு, வந்த வழியே காரைத் திருப்பினேன்.