ட்றை சூட் என்று 135,000 ரூபாவைப் பறிகொடுத்தேன், கடலில் இறங்கும் பெடியள் கவனம்

எனக்கு ட்றை சூட், அதாவது தண்ணீர் உள்ளே புகாதபடி செய்த சுழியோடி உடுப்பு, விற்றவன் நேற்றுப் பின்னேரத்தோடு என் நம்பரை புளொக் பண்ணிவிட்டான். போன 135,000 ரூபா இனி வராது என்று தெரியும். ஆனால் எங்கள் கரையில் கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்குகிற இன்னொரு பெடியன் இதே ஆளிடம் போய் விழக்கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் முல்லைத்தீவு, சிலாவத்தைக்காரன். பதினொரு வருடமாகச் சுழியோடுகிறேன். ஒரு நீளக்கைச் சேட், ஒரு இறுக்கமான காற்சட்டை, இவ்வளவுதான் என் உடுப்பு. எங்கள் கடல் சூடு என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சொல்வார்கள். தண்ணீர் 28 பாகை என்றாலும் உடம்பு 37. காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டை ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக இழுக்கும். மூன்றாவது சிலிண்டர் முடிந்து படகில் ஏறும்போது பல் கிட்டிவிடும், விரல் மடங்காது. இந்த முறை சீட்டுக் காசு கைக்கு வந்ததும் மனைவிதான் சொன்னாள், "முதல்ல உங்களுக்கு ஒரு நல்ல உடுப்பு வாங்குங்கோ" என்று.

கொழும்பில் இருந்து, வெளிநாட்டில் பாவித்த சாமான்களை ஒன்லைனில் விற்கிற ஒரு கடை. விளம்பரத்தில் கறுப்பும் சிவப்புமாக ஒரு சூட். "ஒரு சொட்டுத் தண்ணியும் உடம்பில் படாது" என்று போட்டிருந்தது. மெசேஜ் போட்டேன். ஐந்து நிமிடத்தில் அவனே எடுத்தான்.

அந்தக் கதையை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. நல்ல தமிழ். "எந்த ஊர் அண்ணை?" என்று கேட்டான். சொன்னேன். "அட, அம்மான்ர ஊர் முள்ளியவளை" என்றான். பொங்கலுக்கு வருடா வருடம் வருவானாம். நான் எந்தக் கடலில் இறங்குகிறேன், எவ்வளவு நேரம் அடியில் நிற்கிறேன் என்றெல்லாம் அவனிடம் விளக்கமாகச் சொன்னேன். "அதுக்குத்தான் அண்ணை இது. வன்னியில கடலுக்குப் போற ஆக்களிட்ட நான் லாபம் பார்க்கமாட்டன், வற்றாப்பளை அம்மன் மேல சத்தியம்" என்றான். கடல் தண்ணீரில் விளக்கெரிகிற அம்மன். எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிப் பொய் சொன்னவர்கள் கிடையாது. அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன்.

அளவு பற்றி அவன் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "உடம்பு எப்பிடி?" நடுத்தரம் என்றேன். "அப்ப எல் சரி. ஒண்டுதான் மிச்சம் இருக்கு, காசு போட்டா இண்டைக்கே அனுப்பலாம்." போட்டேன். முழுக் காசும். 135,000.

பார்சலைப் புதுக்குடியிருப்பில் போய் எடுத்தேன். வீட்டில் போட்டுப் பார்த்தால், கால் துணி கணுக்காலில் மூன்று மடிப்பு விழுந்து கிடக்கிறது. உடுப்போடு ஒட்டியிருந்த சப்பாத்து 45. நான் செருப்புப் போடுவது 7ஆம் நம்பர். உயரமான வெள்ளைக்காரனுக்குச் செய்த உடுப்பு அது. கழுத்து ரப்பர் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது, மடிப்பில் சின்னச் சின்ன வெடிப்பு. நெஞ்சில் ஒரு வால்வு, இடது கையில் ஒன்று. எதற்கென்று எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் காலை கரையோரம் நெஞ்சளவுத் தண்ணீரில் இறங்கினேன். துணி காலைச் சுற்றிப் பிடித்து நெரித்தது. குனிந்தேன், கழுத்தால் தண்ணீர் உள்ளே போனது. கரைக்கு ஏறும்போது இரண்டு காலிலும் தண்ணீர் மூட்டை. மச்சான் வந்து தூக்கிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

அன்றிரவு நோர்வேயில் இருக்கும் சித்தியின் மகனுக்கு வீடியோவில் காட்டினேன். மீன் பண்ணையில் வேலை, அவன் இந்த மாதிரிச் சூட் போட்டுத்தான் இறங்குவான். பார்த்ததும் அவன் முகம் மாறியது. "அண்ணை, இதைப் போட்டுக்கொண்டு ஆழத்துக்குப் போகாதேங்கோ" என்றான். இது ஆறேழு பாகைக் குளிர் தண்ணீருக்கான உடுப்பாம். இந்த மெல்லிய துணி தானாகச் சூடு தராது, உள்ளே தடித்த உள்ளுடுப்புப் போட வேண்டும். எங்கள் வெயிலில் படகில் அதைப் போட்டு இருந்தால் அவிந்துபோவோம். இறங்க இறங்க உள்ளே இருக்கிற காற்று சுருங்கி உடம்பை நெரிக்கும். எட்டுப் பாக ஆழத்தில் (ஏறக்குறைய 15 மீற்றர்) அது பாதியைவிடக் குறைந்துவிடும். அதற்குத்தான் நெஞ்சு வால்வு. சிலிண்டரில் பூட்டுகிற ரெகுலேட்டரில் இருந்து ஒரு குழாய் வந்து அதில் பூட்டி, காற்று விட்டுவிட்டு இறங்க வேண்டும். மேலே வரும்போது அதே காற்று விரியும், கை வால்வால் வெளியேற்ற வேண்டும். சப்பாத்து பெரிதென்றால் காற்று காலுக்குப் போய், தலைகீழாகக் கட்டுப்பாடில்லாமல் மேலே தூக்கிவிடும். இதைப் பழக அங்கே தனியாகப் பயிற்சி எடுக்கிறார்கள். எனக்கு அந்தக் குழாயே வரவில்லை!

அதாவது, நான் சொன்ன கடலுக்கு இந்த உடுப்பு தேவையே இல்லை. தெரிந்துகொண்டே விற்றிருக்கிறான். நான் அவசரப்பட்டு நேரே ஆழத்துக்கு இறங்கியிருந்தால்? இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எடுத்துக் கேட்டேன். முதல் நாள், "ரப்பருக்குப் பவுடர் போடுங்கோ அண்ணை, சரிவரும்." அடுத்த நாள், "உங்கட கழுத்து மெலிவு, அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?" குழாய் எங்கே என்று கேட்டால், அது வேறு, 18,000. பிறகு முதலாளி ஊரில் இல்லை. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. "பாவிச்ச சாமான் திருப்பி எடுக்கிறதில்லை, அண்ணைதானே எல் எண்டு சொன்னது" என்று கடைசியாக ஒரு குரல் மெசேஜ். நான் எங்கே சொன்னேன்? அம்மன் பெயரை ஞாபகப்படுத்தினேன். அதோடு புளொக்.

மச்சானின் நம்பரில் இருந்து அதே விளம்பரத்துக்கு மெசேஜ் போட்டுப் பார்த்தோம். இரண்டு நிமிடத்தில் பதில்: "இருக்கு அண்ணை, ஒண்டுதான் மிச்சம்."

சரி, எனக்குத் தெரிந்த வரைக்கும் சொல்கிறேன். எங்கள் கடலுக்கு 3 மில்லிமீற்றர் வெட் சூட் (உள்ளே வரும் கொஞ்சத் தண்ணீர் உடம்புச் சூட்டில் சூடாகி நிற்கிற ரப்பர் உடுப்பு) போதும், நெடுநேரம் நிற்பவர்களுக்கு 5. உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். முதுகிலும் கமக்கட்டிலும் தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு அசைவுக்கும் புதுத் தண்ணீர் உள்ளே வரும், குளிர் போகாது. வெளிநாடு போய் ட்றை சூட்தான் வாங்கப் போகிறவர்கள், உள்ளுடுப்பையும் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். குந்திப் பாருங்கள், இரண்டு கையாலும் உங்களையே கட்டிப்பிடித்துப் பாருங்கள், கை பின்னால் சிலிண்டர் வால்வுக்கு எட்டுகிறதா பாருங்கள். கழுத்து ரப்பர் தொளதொளவென்று இருந்தால் ஒழுகும், அதிகம் இறுகினால் மயக்கம் வரும். இலேசாக இழுத்துப் பாருங்கள், ஒட்டினாலோ வெடித்திருந்தாலோ வேண்டாம். போட்டுப் பார்க்காமல் ஒரு சதமும் அனுப்பாதீர்கள். ஊர்ப் பெயர், கோயில் பெயர் சொல்லி விற்பவனிடம் இன்னும் கவனம்.

சீட்டு இன்னும் ஒன்பது மாதம் கட்ட வேண்டும். விளம்பரம் இன்று காலையும் அப்படியே இருக்கிறது. விலையை 125,000 ஆக்கியிருக்கிறான்.