எந்த டிராஃப்ட் கிளப்பை நிமிர்த்தியது? ஜிலாங் 1999-க்குத்தான் முதலிடம்

ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பாலில், சரிந்து கிடந்த ஒரு கிளப்பை மீட்டெடுத்த சிறந்த டிராஃப்ட் எது என்று கேட்டால், ஜிலாங்கின் 2001 என்ற பதில்தான் முதலில் வரும். அடுத்து ஹாத்தோர்னின் 2004. இரண்டும் மலைக்க வைக்கும் தேர்வுகள்தான், சந்தேகமில்லை. ஆனால் விலை, உழைப்பு, ஆயுள் மூன்றையும் ஒன்றாக வைத்து எடைபோட்டால், அவற்றுக்கு இரண்டு ஆண்டும் ஐந்து ஆண்டும் முந்தைய ஜிலாங் 1999-ஐ முதலிடத்திலிருந்து இறக்க முடியாது.

இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு ஒரு விளக்கம். ஏஎஃப்எல் (ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்) டிராஃப்ட் என்பது கிளப்புகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை. அது ஏலமல்ல, வரிசை. பட்டியலின் அடியில் முடித்த கிளப் முதலில் கூப்பிடும், சாம்பியன் கடைசியில் கூப்பிடும், பிறகு அடுத்த சுற்று. பெரும்பாலும் 18 வயதுப் பையன்கள். கிளப்புகள் வீரர்களைக் கொடுத்து வரிசை எண்களை, அதாவது பிக்குகளை, மாற்றிக்கொள்ளலாம். எல்லா கிளப்புக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. ஆகவே பணத்தை வாரி இறைத்து அணி கட்ட வழியில்லை, சரியான பையனைச் சரியான எண்ணில் பிடிக்க வேண்டும்.

ஒரு டிராஃப்டை மதிப்பிட நான் நம்பும் அளவுகோல் பிரீமியர்ஷிப், அதாவது சாம்பியன் பட்டத்துக்கான பதக்கம். அந்த ஆண்டு எடுத்த வீரர்கள், எடுத்த கிளப்புக்காகவே, பட்டத்தை முடிவு செய்யும் இறுதி ஆட்டமான கிராண்ட் ஃபைனலில் ஆடி வென்ற பதக்கங்களைக் கூட்டிப் பாருங்கள். தேசிய டிராஃப்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் எடுக்கப்படாதவர்களைச் சேர்க்கும் ரூக்கி பட்டியல் தனிக் கணக்கு. மொத்த ஆட்டங்களைக் கூட்டினால் ஏமாந்துபோவோம். தோற்கும் அணியில் போட்டிக்கு ஆள் இல்லாததாலேயே 150 ஆட்டம் ஆடியவர்கள் உண்டு.

இந்தக் கணக்கில் ஜிலாங் 1999-க்கு 12 பதக்கம். ஜிலாங் 2001-க்கு 11. ஹாத்தோர்ன் 2004-க்கு 10. இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது எண்ணிக்கை மட்டும் தீர்ப்பு சொல்லாது, ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1999-இல் ஜிலாங் இருந்த நிலை பரிதாபமானது. கடைசிப் பிரீமியர்ஷிப் 1963-இல். 1989, 1992, 1994, 1995 என நான்கு கிராண்ட் ஃபைனல்களில் தோல்வி. கழுத்தை நெரிக்கும் கடன். ஃபிராங்க் கோஸ்டா தலைவராக வந்து, பிரையன் குக் நிர்வாகத்தை ஏற்று, மார்க் தாம்சன் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற காலம் அது. வீரர் தேர்வைக் கவனித்தவர் ஸ்டீபன் வெல்ஸ்.

அந்த டிராஃப்டில் 8-ஆம் பிக்கில் ஜோயல் கோரி கிடைத்தார். அடுத்து 15-இல் டேவிட் ஸ்ப்ரிக்ஸ், 17-இல் எஸ்ரா பிரே, 23-இல் டேனியல் ஃபாஸ்டர். இந்த மூவரில் ஒருவர்கூட ஜிலாங்கின் வெற்றி அணிகளில் இடம்பெறவில்லை. அன்றைக்கு இங்கேயே நிறுத்தியிருந்தால் இதைத் தோற்றுப்போன டிராஃப்ட் என்றுதான் எழுத வேண்டியிருக்கும். பிறகு 31-இல் பால் சாப்மன், 38-இல் கேமரன் லிங், 47-இல் கோரி என்ரைட். மற்ற கிளப்புகள் இரண்டு சுற்று, மூன்று சுற்று தாண்டிவிட்டுப் போன பையன்கள். 8-இல் வந்த ஜோயல் கோரியையும் சேர்த்து இந்த நால்வரும் 2007, 2009, 2011 மூன்று கிராண்ட் ஃபைனல் வெற்றியிலும் களத்தில் இருந்தார்கள். நால்மூன்று பன்னிரண்டு.

பதக்கங்களுக்கு முன்னால் நடந்ததையும் பாருங்கள். கிளப்பின் சிறந்த வீரருக்கான கார்ஜி கிரீவ்ஸ் பதக்கத்தை 2004-இல் லிங், 2005-இல் கோரி, 2006-இல் சாப்மன் என்று வரிசையாக மூன்று ஆண்டு இந்த ஒரே டிராஃப்ட்காரர்கள் வாங்கினார்கள். நட்சத்திரங்கள் முழுதாக மலரும் வரை கூரையைத் தாங்கிய தூண்கள் இவர்கள். எதிரணியின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரரை ஆட்டம் முழுக்க நிழல்போல் ஒட்டி முடக்குவது லிங்கின் வேலை. புள்ளிவிவரத்தில் அது தெரியாது, வெற்றியில் தெரியும். 2009-இல் செயின்ட் கில்டாவை 12 புள்ளி வித்தியாசத்தில் வென்ற கிராண்ட் ஃபைனலில் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் சாப்மனுக்கு. கடைசிக் கால்பகுதியில் ஜிலாங்கை முன்னால் கொண்டுபோன கோலும் அவர் உதைத்ததுதான். என்ரைட் பின்களத்தில் 332 ஆட்டம், ஆறு முறை ஆல்-ஆஸ்திரேலியன் அணி, அதாவது அந்த ஆண்டின் லீக் கனவு அணி. 47-ஆம் எண்ணில் கிடைத்த ஒருவருக்கு இதைவிட என்ன வேண்டும்!

2001-க்கு வருவோம். 8-இல் ஜிம்மி பார்ட்டல், 17-இல் ஜேம்ஸ் கெல்லி, 24-இல் ஸ்டீவ் ஜான்சன், 40-இல் கேரி ஆப்லெட் ஜூனியர். திறமையை மட்டும் தராசில் வைத்தால் இந்தப் பக்கம்தான் தாழும். 2007-இல் பார்ட்டலுக்கும் 2009-இல் ஆப்லெட்டுக்கும் லீக்கின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம். 2007-இல் ஜான்சனுக்கும் 2011-இல் பார்ட்டலுக்கும் நார்ம் ஸ்மித். ஆனால் ஆப்லெட் தந்தை-மகன் விதியில் வந்தவர். அன்றைய விதிப்படி, தந்தை அந்த கிளப்புக்குப் போதிய ஆட்டங்கள் ஆடியிருந்தால் மூன்றாம் சுற்றுப் பிக் ஒன்றைக் கொடுத்து மகனை எடுத்துக்கொள்ளலாம், வேறு கிளப் குறுக்கிட முடியாது. 40 என்ற எண் தேடிக் கண்டுபிடித்த திறமைக்கான சான்றாகாது. 2010 முடிந்ததும் அவர் கோல்ட் கோஸ்ட்டுக்குப் போய்விட்டார், அதனால் அவர் பங்கில் பதக்கம் இரண்டுதான். அவர் இல்லாமலே 2011-இல் காலிங்வுட்டை 38 புள்ளியில் வென்றார்கள். அன்றைக்குக் கேப்டன் லிங், 1999-இன் 38-ஆம் பிக்.

ஜான்சன் விஷயத்தில் இன்னொன்றும் புரியும். மைதானத்துக்கு வெளியே நடந்ததற்காக 2007-இன் தொடக்கச் சுற்றுகளில் அவரை அணியிலிருந்து ஒதுக்கி வைத்தது சக வீரர்களின் தலைமைக் குழு. அதே ஆண்டு போர்ட் அடிலெய்டை 119 புள்ளியில் நொறுக்கிய கிராண்ட் ஃபைனலில் அவர்தான் சிறந்த ஆட்டக்காரர். எட்டு ஆண்டுகளாக உள்ளே வளர்ந்திருந்த முந்தைய தலைமுறை இல்லாவிட்டால் அந்தக் கண்டிப்பு சாத்தியமே இல்லை. 2001-இன் வெற்றியில் 1999-க்குப் பங்கு உண்டு என்று நான் சொல்வது இதனால்தான்.

ஹாத்தோர்ன் 2004-இன் பலம் வேறு. 2-இல் ஜாரிட் ரஃப்ஹெட், 5-இல் லான்ஸ் ஃபிராங்க்ளின், 7-இல் ஜோர்டன் லூயிஸ். ரஃப்ஹெட்டும் லூயிஸும் 2008, 2013, 2014, 2015 நான்கையும் வென்றார்கள். ஃபிராங்க்ளின் முதல் இரண்டில் இருந்துவிட்டு, ஒப்பந்தம் முடிந்த வீரர் விரும்பிய கிளப்புக்குப் போகும் ஃப்ரீ ஏஜென்சி வழியாக சிட்னிக்குப் போனார். சந்தையில் கிடைக்கவே கிடைக்காத பண்டம் உயரமான முன்கள வீரர். அதில் இருவரை ஒரே நாளில் பிடித்தார்கள். 2008-இல் ஃபிராங்க்ளின் 113 கோல், ரஃப்ஹெட் 75 கோல். நான்கே ஆண்டில் பிரீமியர்ஷிப். ஜிலாங் 1999-க்கு எட்டு ஆண்டு பிடித்தது. 2006-இல் 10-ஆம் இடத்தில் முடித்தபோது தாம்சனின் வேலையே ஆட்டம் கண்டது.

ஆனால் விலை? 2004-இல் ஹாத்தோர்ன் நான்கே ஆட்டம் வென்று, 16 அணிகளில் 15-ஆவதாக முடித்தது. மோசமாகத் தோற்ற அணிகளுக்கு முதல் சுற்றுக்கு முன்பே ஒரு முன்னுரிமைப் பிக் தந்த காலம் அது, ஆகவே 2-ம் 5-ம் கைக்கு வந்தன. அதே சலுகை ரிச்மண்டுக்கும் கிடைத்தது. 1, 4, 12, 16, 20 என்று முதல் இருபதுக்குள் ஐந்து பிக். 1-இல் பிரெட் டெலெடியோ நல்ல ஆட்டக்காரர், 4-இல் ரிச்சர்ட் டாம்ப்ளிங் எதிர்பார்த்த உயரத்தைத் தொடவில்லை. ஐவரில் ஒருவருக்கும் பிரீமியர்ஷிப் இல்லை. டெலெடியோ 2016 முடிவில் கிளம்பினார், மறு ஆண்டே ரிச்மண்ட் வென்றது. அந்த 12-ம் 16-ம் ஜிலாங்கிடமிருந்து வந்தவை. பதிலுக்கு ஜிலாங் வாங்கியது பிராட் ஆட்டன்ஸை. அவர் 2007, 2009, 2011 மூன்றிலும் ரக் ஆடினார், அதாவது மேலே எழும் பந்துக்குத் தாவிப் போராடும் உயரமான வீரராக.

1999-க்கு எதிராக வைக்கத்தக்க நியாயமான குறை ஒன்று உண்டு. நால்வரில் மைதானத்தின் நடுக்கோட்டில், இரு கோல்முனைகளிலும் நிற்கும் உயரமான முதுகெலும்பு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லை. பின்கள மையத்தில் நின்ற மேத்யூ ஸ்கார்லெட் தந்தை-மகன் விதியில் வந்தவர். டாம் ஹார்லி போர்ட் அடிலெய்டிலிருந்தும், கேமரன் மூனி கங்காருஸிலிருந்தும் வாங்கப்பட்டவர்கள். 2008 கிராண்ட் ஃபைனலில் இரண்டு டிராஃப்ட்களும் நேருக்கு நேர் மோதியபோது ஹாத்தோர்ன் 26 புள்ளியில் வென்றது. ஜிலாங் அன்று ஆறு புள்ளி தரும் கோல் 11-தான் அடித்தது, ஒரே புள்ளி தரும் பிஹைண்டாக 23 வாய்ப்புகளை வீணடித்தது. இதற்காக 1999-க்குப் பத்துக்கு அரை மதிப்பெண் குறைத்து ஒன்பதரை தருகிறேன். 2001-க்கு ஒன்பது, ஹாத்தோர்ன் 2004-க்கு எட்டரை.

முன்வரிசைப் பிக் கையில் இருந்தாலே போதும் என்று நினைப்பவர்கள் மெல்போர்னின் 2009-ஐப் பார்க்கலாம். 1-இல் டாம் ஸ்கல்லி, 2-இல் ஜாக் ட்ரெங்கோவ். ஸ்கல்லி இரண்டே ஆண்டில் புதிய கிளப்புக்குப் போனார். ட்ரெங்கோவ் 20 வயதில் கேப்டன் சுமையைத் தூக்கினார், பிறகு காயங்கள் விடவில்லை. 2021-இல் 57 ஆண்டுப் பஞ்சத்தைத் தீர்த்த கோப்பையைக் கேப்டனாகத் தூக்கிய மேக்ஸ் கான் அதே டிராஃப்டின் 34-ஆம் பிக்.

உங்கள் கிளப்பின் டிராஃப்டை எடைபோட வேண்டுமானால் எட்டு ஆண்டாவது பொறுங்கள். கிராண்ட் ஃபைனல் ஆடிய ஒவ்வொருவரின் பெயருக்கு எதிரே எந்த ஆண்டு, எந்த எண் என்று எழுதுங்கள். தந்தை-மகன் பெயர்களைத் தனியே குறித்துவிட்டு, 30-க்கு மேற்பட்ட எண்களில் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று எண்ணுங்கள். தேர்வுக் குழுவின் கண் அங்கேதான் தெரியும். பழையதையும் புதியதையும் ஒப்பிடும்போது எச்சரிக்கை வேண்டும். இன்று தந்தை-மகன் வீரரை வேறு கிளப் தன் பிக்கில் கேட்டால், அந்தப் பிக்குக்கு ஏறக்குறைய ஈடான புள்ளி மதிப்புள்ள பிக்குகளைத் தந்தையின் கிளப் கொடுத்தாக வேண்டும். 2001-இல் ஆப்லெட்டுக்கு ஜிலாங் கொடுத்த விலையில் இன்று அப்படி ஒருவரை வாங்க முடியாது. 31, 38, 47 என்ற மூன்று எண்களில் இன்றைக்கும் எந்த கிளப்பும் வாங்கலாம்.